டீச்சர் தொண்டைக்கு என்ன ஆச்சு?

போன வாரம் பக்கத்து ஊர்ப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் டீச்சர் ஒருவர் போனில் பேசினார். நலம் விசாரித்த முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கரகரப்பு, வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் குரல் நழுவி வெறும் காற்றாகப் போவது, நடுநடுவே தொண்டையைச் செருமிக்கொள்வது. "ரெண்டு மாசமா இப்படித்தான் இருக்கு டீச்சர், பழகிருச்சு" என்றார். நானும் இதே 'பழகிருச்சு'வை ஐந்து மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். அதில் 28,000 ரூபாய் போனது, 26 நாள் மருத்துவ விடுப்பு போனது, புற்றுநோயாக இருக்குமோ என்ற பயத்தில் ஒரு மாதத் தூக்கம் போனது. அவருக்குப் போனில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில், இருவருமே இவ்வளவு நேரம் பேசக் கூடாதே என்று உறைத்தது. எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். எழுதியது நீண்டுவிட்டது, சரி, மற்றவர்களுக்கும் ஆகட்டும்.

நான் இடைநிலை ஆசிரியை. குடியிருப்பது ராம்நாடு டவுனில், வேலை உச்சிப்புளியிலிருந்து தெற்கே பிரிந்து போனால் வரும் தென்கடல் ஓரத்துக் கிராமத்தில். ஈராசிரியர் பள்ளி. 4, 5ஆம் வகுப்புகள் தலைமையாசிரியருக்கு, 1, 2, 3 மூன்றும் எனக்கு, 31 பிள்ளைகள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிச் சுவர் இடிந்து பிள்ளைகள் இறந்துபோன பிறகு, மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களை இடித்தார்கள். எங்கள் ஓட்டுக் கட்டடமும் அதில் போனது. புதுக் கட்டடம் வரும் வரைக்கும் என்று சொல்லி எங்களைப் புயல் காப்பகத்துக்கு மாற்றினார்கள். கடற்கரைக் கிராமங்களில் பார்த்திருப்பீர்கள், உயரமான தூண்களின் மேல் மாடியாக நிற்கும் பெரிய ஹால். புயலுக்கு 300 பேர் படுத்துக்கொள்ளக் கட்டியது. தடுப்புச் சுவர் கிடையாது. ஒரு மூலையில் சார் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்துவார், எதிர் மூலையில் நான் ஒன்றாம் வகுப்புக்கு 'அம்மா, ஆடு' சொல்லிக்கொடுப்பேன். அவர் குரல் என் சுவரில் அடித்துத் திரும்பும், என் குரல் அவர் சுவரில். அவர் கொஞ்சம் உயர்த்தினால் நான் கொஞ்சம் உயர்த்துவேன், இரண்டையும் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று பிள்ளைகள் கத்துவார்கள். சத்தத்துக்குள் நின்று பேசுகிறவர் தன்னை அறியாமலே குரலை ஏற்றிக்கொண்டே போவார், இதற்கு லொம்பார்ட் விளைவு என்றே பெயர் உண்டு என்று பின்னால் ஸ்பீச் தெரபிஸ்ட் சொன்னார். பெயர் தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

இதற்கு மேல் கச்சான், தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. ஆனி ஆடியில் தென்கடல் ஓரம் நிற்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹாலில் ஜன்னல்கள் எல்லாம் பெரிது பெரிதாக, கம்பி மட்டும் போட்டது. காற்று உள்ளே வந்தால் மணலோடுதான் வரும், சார்ட் எல்லாம் சுவரிலிருந்து பிய்ந்து பறக்கும், கதவு ஒன்று நாள் முழுக்கத் தடதடவென்று அடிக்கும். அன்றைக்குக் கடற்படை விமானமும் தாழப் பறந்தால் முடிந்தது, பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடிவிடுவார்கள். அவர்களை அழைத்து உட்கார வைக்கவே பாதித் தொண்டை போய்விடும்.

2022இல் அரசின் 'எண்ணும் எழுத்தும்' கற்பித்தல் திட்டம் வந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்து நடத்தியதில், ஒன்றும் வராமல் கிடந்த நாலைந்து பேர் எழுத்துக்கூட்டிப் படித்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் ஆசிரியையின் தொண்டையை வைத்து யோசித்தால் அது வேறு கணக்கு. ஒரு நாளைக்குப் பாட்டு, கதை, ஆடிப் பாடும் விளையாட்டு, மூன்று நிலைக்கும் தனித்தனிக் குறிப்பு. முன்பு கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு நடந்துகொண்டிருந்த நேரம் எல்லாம் இப்போது பேசும் நேரமாகிவிட்டது. அதன் பிறகு செயலியில் வருகைப் பதிவு, சிக்னல் கிடைக்காமல் மாடிப்படியில் நின்று "சார், உங்க போன்ல நெட் வருதா" என்று கத்துவது, காலை உணவு வந்ததும் சாப்பாட்டு வரிசையில் நின்று கத்துவது. மாலையில் பஸ்ஸில் சக ஆசிரியைகளோடு நாற்பது நிமிடம் எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிக்கொண்டு வருவேன். வீட்டுக்கு வந்தால் மகளுக்குக் கதை. இதையெல்லாம் கூட்டிப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. பேசுவதைப் போய் யாராவது வேலை என்று எண்ணுவார்களா?

2023 ஜூலையில் சளி பிடித்தது, தொண்டை கட்டியது. எல்லா வருடமும் வருவதுதான். சளி ஒரு வாரத்தில் போய்விட்டது, கட்டிய தொண்டை மட்டும் திறக்கவில்லை. காலையில் நன்றாக இருக்கும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கரகரக்கும், நாலு மணிக்குக் குரல் உடையும். இந்த வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள், இதுதான் முதல் அடையாளம். இரண்டாவதை நான் கண்டுபிடித்தது பாட்டில். உச்சத்துக்குப் போகும் வரி வரும்போது சத்தமே வராது, வாய் மட்டும் அசையும். பிள்ளைகள் அதைப் புது விளையாட்டு என்று நினைத்து அவர்களும் வாயை மட்டும் அசைத்தார்கள். சிரித்தேன். அன்றைக்கே பயந்திருக்க வேண்டும். அப்புறம் கழுத்தின் இரண்டு பக்கமும் வலி, ஏதோ சிக்கியிருப்பது போலச் சும்மா சும்மா செருமுவது, போனில் பேசினால் எதிரில் இருப்பவர் "என்ன, சளியா?" என்று கேட்பது. இத்தனையும் மூன்று வாரத்துக்குள் வந்துவிட்டன. கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் உள்ளே கேமரா விட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பது இப்போது எனக்கு மனப்பாடம். அப்போது சொல்ல ஆள் இல்லை. பயிற்சி நிறுவனத்தில் இரண்டு வருடம் படித்தேன், சார்ட் ஒட்டுவதற்குக்கூட மதிப்பெண் உண்டு, குரலைப் பற்றி ஒரு மணி நேரம் யாரும் வகுப்பு எடுத்ததில்லை.

மாறாக வீட்டு வைத்தியம் தொடங்கியது. என் அத்தை சித்தரத்தை, அதிமதுரம், மிளகு தட்டிப்போட்டுப் பனங்கற்கண்டு கஷாயம் வைத்துக் கொடுத்தார். ஊரில் ஒரு பாட்டி சாயல்குடிக் கருப்பட்டியே கொண்டுவந்து கொடுத்தது. குடிக்கச் சுகமாகத்தான் இருந்தது, குறை சொல்லவில்லை. ஆனால் நாம் விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடுவதே இல்லையாம், அது உணவுக் குழாய் வழியே போய்விடுகிறது. குரல்நாண் இருப்பது மூச்சு போகும் வழியில். ஆவி பிடித்தால் அங்கே போகும், கஷாயம் போகாது. இது தெரியாமல் ஒன்றரை மாதம் கஷாயத்தை நம்பினேன். மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை, வாயில் ஜில்லென்று இருக்கும் மிட்டாய், இருமல் மருந்து என்று 2,000 ரூபாய் போயிருக்கும். பிறகு டவுனில் ஒரு பொது மருத்துவரிடம் மூன்று தடவை. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்து "இன்ஃபெக்‌ஷன்" என்று மூன்று தடவையும் ஆன்டிபயாடிக். 3,600 ரூபாய். டார்ச் அடித்தால் குரல்நாண் தெரியாது, அது இன்னும் கீழே இருக்கிறது. இதைப் படிப்பவர்கள் இந்த ஒன்றை நினைவில் வைத்தாலே எனக்குத் திருப்தி.

தண்ணீர் விஷயத்தையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன். பெண் ஆசிரியைகள் பலர் பள்ளியில் தண்ணீர் குடிப்பதில்லை. கழிப்பறை சரியில்லாத இடத்தில் எட்டு மணி நேரம் எப்படிச் சமாளிப்பது? காப்பகத்தில் இருந்த கழிப்பறைக்குத் தண்ணீர் வராது, குழாயில் வந்தாலும் உப்பு. நான் காலை எட்டு மணிக்குக் குடித்தால் மாலை ஐந்து மணிக்குத்தான் அடுத்த டம்ளர். காய்ந்த தொண்டையோடு கச்சான் காற்றில் நாள் முழுக்கக் கத்தியிருக்கிறேன். பின்னால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை எழுந்து சொன்னபோது, தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். ஆனால் கூட்டத்தில் இருந்த தாய்மார்களுக்குப் பிள்ளைகளின் கஷ்டமும் அதே என்று தெரியும். அடுத்த வாரமே டிரம் ஒன்று வைத்து வண்டித் தண்ணீர் நிரப்ப ஏற்பாடு செய்தார்கள். ஒரு வருடம் முன்பே வாயைத் திறந்திருக்கலாம்.

அக்டோபரில் ஒரு நாள் அதிகாரி ஒருவர் வகுப்பைப் பார்வையிட வந்தார். நான் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர், "எனக்கே கேக்கலையே டீச்சர், பிள்ளைகளுக்கு எப்படிக் கேக்கும்? கொஞ்சம் உயிரோட சொல்லுங்க" என்றார். மனிதர் கெட்டவர் இல்லை. ஆனால் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் அதைக் கேட்டபோது கண்ணில் நீர் முட்டிவிட்டது. அன்று மீதி நேரம் முழுவதும் இழுத்துப் பிடித்துக் கத்தினேன். சவூதியில் இருக்கும் கணவர் இரவு வீடியோ காலில், "ரெண்டு மாசமா பாக்குறேன், ஒரு வார்த்தைக்கு மேல பேச மாட்டேங்குற, எம்மேல என்ன கோவம்?" என்றார். பதில் சொல்லக் குரல் இல்லை. போனை வைத்துவிட்டேன், அவர் மறுபடி அடித்தார், எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வாட்சப்பில் எழுதினேன். தொண்டையில் பிரச்சினை என்றுதான் எழுதினேன், மனதில் இருந்த பயத்தை எழுதவில்லை. அவருடைய பெரியப்பா தொண்டைப் புற்றுநோயில்தான் போனார். அவருக்கும் முதலில் குரல்தான் கம்மியதாம்.

நவம்பரில் அடைமழை. ஜன்னல்களுக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தோம், மழை அதில் அடிக்கும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. சார் கூட்டத்துக்குப் போயிருந்தார், ஐம்பது பிள்ளைகளும் என்னிடம். பதினோரு மணிக்கு ஒரு பையனை "டேய், ஜன்னல்ல ஏறாத" என்று அதட்ட வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. இருமல் வந்தது, காற்று வந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றேன். பையன் இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்து, "டீச்சர் தொண்டைக்கு என்ன ஆச்சு?" என்றான். ஹாலே அமைதியாகிவிட்டது. பன்னிரண்டு வருட வேலையில் நான் கத்திக் கேட்டு ஒருநாளும் கிடைக்காத அமைதி.

மறுநாள் விடுப்புப் போட்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன், மூன்று மணி நேரம், தனியாக. ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. கேமரா விட்டுப் பார்த்தார்கள், இரத்தப் பரிசோதனை, அது இது என்று 6,400 ரூபாய். குரல்நாண் இரண்டிலும் முடிச்சு இருக்கிறது, உடனே ஆபரேஷன், 65,000 ஆகும், இன்றே அட்வான்ஸ் 10,000 கட்டினால் வெள்ளிக்கிழமை இடம் இருக்கிறது என்றார்கள். 'முடிச்சு' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. அது கெட்ட கட்டியா என்று கேட்கக் குரலும் இல்லை, தைரியமும் இல்லை. ஏடிஎம் கார்டைக் கொடுத்து 10,000 கட்டிவிட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். தொண்டை மருத்துவரிடம் போகாமல் நாள் கடத்தியது முதல் தப்பு, நான் செய்த இரண்டாவது பெரிய தப்பு இது. பயந்துபோயிருக்கும் அன்றைக்குப் பணம் கட்டவே கூடாது. கேமராவில் எடுத்த படத்தையும் ரிப்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட வேண்டும். மூச்சுத் திணறலோ, விழுங்க முடியாத நிலையோ இல்லாதபோது நாலு நாளில் ஒன்றும் ஆகிவிடாது. பின்னால் ஆபரேஷன் வேண்டாம் என்று சொன்னபோது 7,000தான் திரும்பி வந்தது. மீதியை எந்தக் கணக்கில் பிடித்தார்கள் என்று கேட்டு இரண்டு தடவை போன் செய்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

கல்லூரியில் கூடப் படித்தவள் ஒருத்தி மதுரையில் இருக்கிறாள். அவள் வற்புறுத்தி இன்னொரு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போனாள். சின்ன கிளினிக், வயதான அம்மா. படத்தைப் பார்த்துவிட்டு, தானும் ஒரு தடவை கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, "டீச்சரா?" என்றுதான் முதலில் கேட்டார். "உங்க ஊர்ல வலை இழுக்குறவங்க உள்ளங்கையைப் பாத்திருக்கீங்களா? காய்ப்பு காய்ச்சிருக்கும்ல, அதுதாம்மா இது. கேன்சர் இல்ல." நாம் பேசும்போது குரல்நாண்கள் இரண்டும் ஒன்றோடொன்று மோதி மோதி விலகுகின்றன. பெண்களுக்கு நொடிக்குச் சுமார் 200 தடவை, ஆண்களுக்கு ஏறத்தாழ அதில் பாதி. கத்தும்போது அந்த மோதல் பலமாகிறது. மோதும் இடத்தில் இரண்டு பக்கமும் எதிரெதிரே காய்ப்பு காய்க்கிறது. அதனால் இரண்டும் சரியாக மூடாமல் காற்று ஒழுகுகிறது, அதுதான் கரகரப்பு. காரணத்தை விட்டுவிட்டு வெட்டி எடுத்தால், அதே மாதிரி கத்தினால் மறுபடி வரும். முதல் வைத்தியம் குரல் பயிற்சி, மூன்று மாதம் செய்து பார்ப்போம், குறையவில்லை என்றால் அப்போது ஆபரேஷனைப் பேசலாம் என்றார். இரவு சாப்பிட்டு உடனே படுக்கிறேனா என்றும் கேட்டார். ஆமாம், பத்து மணிக்குச் சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுப்பேன். வயிற்று அமிலம் மேலே ஏறித் தொண்டையை அரிக்குமாம், எட்டு மணிக்கே முடித்துவிடச் சொன்னார். இந்த அம்மாவுக்கு நான் கொடுத்தது மொத்தம் 1,500 ரூபாய். முதலிலேயே இங்கே வந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். அரசு ஊழியர் காப்பீட்டுக்கு அப்போது மாதாமாதம் சம்பளத்தில் 300 ரூபாய் பிடித்தார்கள். ஆனால் அது படுக்கையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கு. கேமரா பார்ப்பது, தெரபி எல்லாம் வெளிநோயாளிக் கணக்கு, கைக்காசுதான். விடுப்பைப் பொறுத்தவரை, தற்செயல் விடுப்பை இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று எடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன், ஒரு நாள் ஓய்வெடுத்து மறுநாள் கத்தினால் ஓய்வு வீண். மருத்துவச் சான்று வைத்துத் தொடர்ச்சியாகப் போடுங்கள், திரும்பச் சேரும்போது தகுதிச் சான்று கேட்பார்கள், அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்த ஒரு காகிதம் இல்லாமல் நான் சேர வேண்டிய நாளில் மறுபடி மதுரைக்கு ஓடினேன்.

குரல் பயிற்சித் தெரபி, வாரம் ஒரு நாள், பத்து வாரம், ஒரு தடவைக்கு 500. முதல் நாள் ஸ்பீச் தெரபிஸ்ட் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. சின்னப் பிள்ளைகள் வண்டி ஓட்டும்போது உதட்டைத் துடிக்கவிட்டு 'புர்ர்ர்' என்பார்களே, அதைச் செய்யச் சொன்னார். அப்புறம் டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை வைத்துக் குமிழி வரும்படி 'ஊ' என்று ஊதுவது. வாயை மூடி 'ம்ம்ம்' என்று ரீங்காரம். காலை ஐந்து நிமிடம், மதியம் ஐந்து நிமிடம், வகுப்பு தொடங்கும் முன் ஐந்து நிமிடம். என் மகள் ஒரு வாரத்தில் என்னைவிட நன்றாகக் குமிழி விட்டாள். விளையாட்டுப் போலத் தெரிந்தாலும் இதுதான் வேலை செய்தது. இன்னும் இரண்டு விஷயம் சொன்னார், இரண்டும் நான் நினைத்ததற்கு நேர் எதிர். குரல் இல்லாதபோது கிசுகிசுவென்று பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று நினைத்திருந்தேன். இல்லை, அது இன்னும் இறுக்கும், பேசினால் மெதுவாகச் சத்தத்தோடு பேசு, இல்லாவிட்டால் பேசாதே. அடுத்தது செருமுவது. ஒவ்வொரு செருமலும் குரல்நாண்களைப் பிடித்து அறைவது மாதிரி. செரும வரும்போது ஒரு வாய் தண்ணீர் விழுங்கு, இல்லாவிட்டால் எச்சிலை விழுங்கு. இந்தப் பழக்கத்தை விடத்தான் எனக்கு இரண்டு மாதம் ஆனது.

மூச்சு மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. தோளைத் தூக்காமல் வயிறு விரிய மூச்சு வாங்கி, அந்தக் காற்று தீரும் முன் வாக்கியத்தை முடிக்க வேண்டும். நான் ஒரே மூச்சில் நாலு வாக்கியம் பேசுகிறவள். எங்கள் ஊரில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, மூச்சை அடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும் வேலை. நான் படியில் நின்று வயிற்றில் கை வைத்துப் பயிற்சி செய்வதைப் பார்த்து, "என்ன டீச்சரம்மா, வயித்து வலியா?" என்றார். சொன்னேன். "அட, நெஞ்சுல வாங்குனா ரெண்டு நிமிஷத்துல களைச்சுப்போவீங்க. முங்குறதுக்கு முன்ன அவசரப்படக் கூடாது. அடிவயிறு வரைக்கும் போவட்டும்" என்று சொல்லி, என் தோளை இரண்டு கையாலும் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்ப வாங்குங்க" என்றார். வந்துவிட்டது. தெரபிஸ்டிடம் சொன்னபோது அவரும் குறித்துக்கொண்டார்.

ஜனவரியில் வேலைக்குத் திரும்பினேன். பாதிக் குரல்தான் செலவழிக்கலாம் என்று உத்தரவு. முதல் வேலையாகத் தலைமையாசிரியரிடம் உட்கார்ந்து பேசினேன், பேசினேன் என்றால் பாதி எழுதிக் காட்டினேன். ஒரே ஹாலில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவதுதான் வினை. அவர் நடத்தும்போது என் பிள்ளைகள் எழுதுவது, வரைவது, குழுவாகப் படிப்பது. நான் கதை சொல்லும்போது அவருடைய பிள்ளைகளுக்குக் கணக்குப் பயிற்சி. மணி பார்த்து இருபது இருபது நிமிடமாக மாற்றிக்கொண்டோம். "இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமேம்மா, எனக்கும்தான் தொண்டை வலிக்குது" என்றார். செலவே இல்லாத ஏற்பாடு, பலன் தந்ததில் இதற்குத்தான் முதலிடம். காற்றடிக்கும் பக்கத்து ஜன்னல்களைச் சாக்கு வைத்து அடைத்தோம், தடதடக்கும் கதவுக்குச் சைக்கிள் டியூபை வெட்டி ஆணி அடித்தார் ஒரு பையனின் தாத்தா.

வகுப்பை அமைதிப்படுத்த வாயைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். பழைய சைக்கிள் மணி ஒன்று வாங்கி மேசையில் பொருத்தினேன். ஒரு தடவை அடித்தால் நிமிர்ந்து பார், இரண்டு தடவை என்றால் இடத்துக்குப் போ. கையைத் தூக்கினால் எல்லாரும் கையைத் தூக்க வேண்டும், கை தூக்கியவர் பேசக் கூடாது. முதல் வாரம் கூத்துதான், மூன்றாவது வாரம் பழகிவிட்டார்கள். தூரத்திலிருந்து பெயர் சொல்லி அதட்டுவதை விட்டேன், எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன், அநேகமாக அதுவே போதும். கரும்பலகையில் எழுதிக்கொண்டே முதுகைக் காட்டிப் பேசுவதையும் நிறுத்தினேன், தூசியும் தொண்டைக்குள் போகிறது, குரலும் சுவருக்குள் போகிறது. பாட்டுக்குப் பாடப் புத்தகத்தின் க்யூஆர் குறியீட்டைத் திறந்து ஸ்பீக்கரில் போடுவேன், ஆனால் அது ஓடும்போது கூடவே பாடவோ விளக்கவோ மாட்டேன். மரத்தடி வகுப்பு நல்லதுதான், ஆனால் திறந்தவெளியில் குரல் திரும்பி வருவதில்லை, காற்று கொண்டுபோய்விடும். அங்கே பிள்ளைகள் படிக்கட்டும், நாம் கேட்கலாம். பஸ்ஸில் பேச்சு அறவே இல்லை, ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன், கர்வம் வந்துவிட்டது என்று இரண்டு பேர் சொன்னதாகக் காதில் விழுந்தது.

இடுப்பில் கட்டிக்கொள்ளும் மைக்கும் வாங்கினேன். முதலில் 650 ரூபாய்க்கு ஒன்று, கொர்ரென்று இரைந்து இரண்டு மாதத்தில் உப்புக் காற்றில் துருப்பிடித்துச் செத்தது. அடுத்தது 1,700, இன்றும் ஓடுகிறது. கடலோரத்தில் இருப்பவர்கள் மாலையில் துடைத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கடைவாய் ஓரமாக ஒதுக்கி வைத்தால் மூச்சுச் சத்தம் கேட்காது. முக்கியமாக, மைக் போட்ட பிறகும் பழக்கதோஷத்தில் கத்தாதீர்கள். நான் முதல் வாரம் மைக்கிலும் கத்தி, கீழே வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று மாடிக்கு ஏறி வந்துவிட்டார்கள். போகவர மதுரைச் செலவு 4,200. எல்லாம் கூட்டினால் 28,000க்கு ஐம்பது ரூபாய் மேலே வரும்.

ஏப்ரலில் மறுபடி கேமரா விட்டுப் பார்த்தபோது ஒரு பக்கத்து முடிச்சு போயிருந்தது, இன்னொன்று கடுகளவு இருந்தது. இப்போதும் அது இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன். உச்ச வரிகள் திரும்பி வரவில்லை, பாட்டைக் கீழ்ச் சுருதியில் எடுக்கிறேன். பழைய குரல் வேண்டும் என்று சில நாள் ஆற்றாமையாக இருக்கும். மகள் பிறந்தநாளுக்குப் பாடும்போது வீடியோவில் கணவர் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த வருடமும் கச்சான் தொடங்கிவிட்டது. புதுக் கட்டடம் இன்னும் ஜன்னல் மட்டத்தில்தான் நிற்கிறது. நேற்று மதியம் சாக்கைக் கிழித்துக்கொண்டு காற்று உள்ளே வந்ததில் சார்ட், நோட்டு, ஒரு பையனின் சட்டை எல்லாம் பறந்து, ஐம்பது பேரும் எழுந்து ஆடினார்கள். வாய் வரைக்கும் வந்த சத்தத்தை விழுங்கிவிட்டு மேசைக்குப் போனால் மணியைக் காணவில்லை. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கழற்றித் தன் பைக்குள் வைத்திருந்தான். ஏன்டா என்று கையால் கேட்டேன். "நீங்க அடிக்கக் கூடாதுல்ல டீச்சர், அதுக்குத்தான்" என்றான்.